2000 லிட்டர் தொட்டி: பம்ப் பெரிசு, தண்ணீர் வருவதோ கொஞ்சம். எங்கே தப்பு?

தொட்டிமுனி:
வணக்கம் நண்பர்களே. மூன்று மாதம் மல்லுக்கட்டி ஒரு பெரிய நன்னீர் மீன் தொட்டி கட்டி முடித்தேன். 300 செ.மீ. நீளம், 90 அகலம், 75 உயரம். கிட்டத்தட்ட 2000 லிட்டர் பிடிக்கிறது. கீழே 120 × 50 × 50 அளவில் ஒரு சம்ப் (வடிகட்டியும் பம்பும் இருக்கும் அடித்தொட்டி), அதில் 35 செ.மீ. தண்ணீர் ஓடுகிறது. பம்ப் பெட்டியில் மணிக்கு 12000 லிட்டர், ஏற்றும் உயரம் 5 மீட்டர் என்று போட்டிருக்கிறது. சம்ப் நீர்மட்டத்திலிருந்து தொட்டி நீர்மட்டம் 1.6 மீட்டர்.

பிரச்சினை மூன்று. மேலே வரும் தண்ணீர் ஏமாற்றமாக இருக்கிறது. பின்பக்க மூலைகளில் கழிவு திட்டுத் திட்டாகப் படிகிறது. தொட்டித் தண்ணீரைச் சம்புக்கு இறக்கும் ஓவர்ஃப்ளோ பெட்டி ராத்திரி முழுக்கக் களக் களக் என்று சத்தம் போடுகிறது. போதாததற்கு நேற்று கரண்ட் போனபோது சம்ப் வழிந்து தரையெல்லாம் வெள்ளம். ஆஸ்கார் நான்கு, சில்வர் டாலர் பத்து, வாயால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் ப்ளெக்கோ ஒன்று என மீன்கள் உள்ளே இருக்கின்றன. இன்னும் பெரிய பம்ப் வாங்கிவிடலாமா?

கெண்டை_நேசன்:
வாங்கிவிடுங்கள். என் தொட்டியில் 20000 லிட்டர் பம்ப் போட்ட பிறகுதான் நிம்மதி.

பைப்பும்_பாசியும்:
பொறுங்கள், பம்ப் மேல் பழி போடுவதற்கு முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஏற்றுக் குழாய் எத்தனை இஞ்ச், எத்தனை எல்போ (வளைவு மூட்டு)? அப்புறம் மேலே தண்ணீர் விழும் வாயை அதே உயரத்தில் ஒரு 20 லிட்டர் வாளிக்குள் பிடித்து, நிரம்ப எத்தனை நொடி என்று பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கும் 12000 என்பது உயரமே ஏற்றாமல், குழாயே இல்லாமல் ஓடும்போது வரும் கணக்கு.

தொட்டிமுனி:
முக்கால் இஞ்ச் பிவிசி. பம்பின் வாயும் அதே அளவு என்பதால் அப்படியே கொண்டுபோய்விட்டேன். நீளம் 4 மீட்டர், எல்போ ஏழு. வாளி நிரம்ப 28 நொடி.

பைப்பும்_பாசியும்:
28 நொடிக்கு 20 லிட்டர் என்றால் மணிக்குச் சுமார் 2600 லிட்டர். 12000-இல் கால் பங்குகூட இல்லை. குற்றவாளி குழாய்தான்.

முக்கால் இஞ்ச் குழாயின் உள்விட்டம் ஏறக்குறைய 21 மி.மீ. அதற்குள் 2600 லிட்டர் போக வேண்டுமானால் தண்ணீர் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். உராய்வில் போகும் இழப்பு ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். அதனால் உங்கள் பம்ப் 1.6 மீட்டர் ஏற்றுவதற்குப் படும் பாட்டைவிட அந்த ஏழு எல்போவைத் தாண்டப் படும் பாடு அதிகம். இதே குழாயில் 20000 லிட்டர் பம்பை மாட்டினாலும் கொஞ்சம்தான் கூடும். கரண்டும் சூடும்தான் மிச்சம். கெண்டை நேசன் அண்ணா கோபித்துக்கொள்ளக் கூடாது, அவர் குழாய் நிச்சயம் பெரிசாக இருந்திருக்கும்.

பம்பின் வாயிலேயே ஒரு ரெட்யூசர் (குழாய் அளவை மாற்றும் இணைப்பு) போட்டு, அங்கிருந்து ஒன்றரை இஞ்ச் குழாயாக மாற்றுங்கள். விட்டம் இரண்டு மடங்கானால், அதே அளவு தண்ணீருக்கு வேகம் கால் பங்காகும். எல்போ இழப்பு பதினாறில் ஒன்றாகவும், நேர்க் குழாயின் இழப்பு முப்பதில் ஒன்றாகவும் இறங்கிவிடும். முடிந்த இடத்தில் 90 டிகிரி எல்போவை எடுத்துவிட்டு 45 டிகிரி வளைவு போடுங்கள்.

சில்வர்டாலர்:
மூலைக் கழிவுக்கு இது மட்டும் போதாது. சம்ப் பம்பின் வேலை தண்ணீரை வடிகட்டிக்கு அனுப்பித் திரும்ப ஏற்றுவது. மணிக்கு மூன்று நான்கு முறை தொட்டித் தண்ணீர் சுற்றி வந்தாலே அதற்குப் போதும். உள்ளே நீரோட்டம் உண்டாக்குவது வேறு வேலை, அதற்கு வேவ்மேக்கர் வேண்டும். அது தண்ணீரை உயரத்துக்கு ஏற்றுவதில்லை, அகலமாகத் தள்ளுவதோடு பக்கத்துத் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் அதே வாட்டில் பல மடங்கு தண்ணீர் நகரும்.

இரண்டு வாங்குங்கள். ஒன்று இடது ஓரத்தில் பின்கண்ணாடியை ஒட்டி வலப்பக்கம் பார்க்கட்டும். இன்னொன்று வலது ஓரத்தில் முன்கண்ணாடியை ஒட்டி இடப்பக்கம் பார்க்கட்டும். எதிரெதிரே மோதவிட்டால் நடுவில் சோர்ந்து அங்கேயே குப்பை விழும், இப்படி வைத்தால் தொட்டி முழுக்க ஒரே சுழல். வைத்ததும் ஊறவைத்த, மிதக்காத தீனியில் ஒரு சிட்டிகை தூவி, எங்கே போய் உட்காருகிறது என்று பாருங்கள். ஆஸ்கார் சாப்பிட்டு முடிப்பதற்குள் பார்த்துவிட வேண்டும், அதுதான் சிரமம்!

பைப்பும்_பாசியும்:
வெள்ளத்துக்கு வருகிறேன், எனக்கு அதுதான் பெரிய கவலை. பம்பிலிருந்து தொட்டிக்குத் திரும்பும் குழாயின் வாய் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது?

தொட்டிமுனி:
10 செ.மீ. இருக்கும். சத்தம் வராது என்று ஆழமாக வைத்தேன்.

பைப்பும்_பாசியும்:
அதுதான் விஷயம். உங்கள் தொட்டியில் ஒரு செ.மீ. தண்ணீர் என்பது 27 லிட்டர். பம்ப் நின்றதும் அந்தக் குழாயே சைபனாகி, அதாவது தொட்டித் தண்ணீரைத் தானாகவே கீழே இழுக்கும் குழாயாகி, வாய் வெளியே தெரியும்வரை உறிஞ்சும். 270 லிட்டர். சம்பில் காலியாக இருப்பது 90 லிட்டர்.

நீர்மட்டத்துக்கு ஒரு செ.மீ. கீழே குழாயில் ஒரு துளை போடுங்கள். மட்டம் அங்கே இறங்கியதும் காற்று புகுந்து சைபன் அறுந்துவிடும். ஒருவழி வால்வை மட்டும் நம்பாதீர்கள், ஒரு சின்ன நத்தை ஓடு சிக்கினாலே போதும், முழுசாக மூடாது. சம்பின் மட்டத்தையும் 25 செ.மீ.க்கு இறக்குங்கள், 150 லிட்டர் இடம் கிடைக்கும். வேலை முடிந்ததும் பக்கத்தில் நின்றுகொண்டு நீங்களே மெயினை அணைத்துப் பாருங்கள்.

சத்தம், தண்ணீரும் காற்றும் கலந்து இறங்குவதால் வருவது. இறங்கு குழாய் எத்தனை?

தொட்டிமுனி:
இரண்டு, ஒன்றேகால் இஞ்ச். இரண்டும் திறந்தே இருக்கின்றன.

பைப்பும்_பாசியும்:
அப்படியானால் ஒன்றில் கேட் வால்வு போடுங்கள். பால் வால்வு வேண்டாம், அதில் மயிரிழை திருப்ப முடியாது. மெல்ல மூடிக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் காற்று போவது நின்று குழாய் முழுக்கத் தண்ணீராக இறங்கும், சத்தம் பட்டென்று அடங்கும். இரண்டாவது குழாயின் வாயைக் கொஞ்சம் உயரமாக வைத்து, அதில் ஒரு நூல் அளவு மட்டும் வடியவிடுங்கள். முதலாவது அடைத்துக்கொண்டால் அதுதான் காப்பாற்றும். அதில் எந்த வால்வும் வேண்டாம்.

தொட்டிமுனி (பத்து நாள் கழித்து):
எல்லாம் மாற்றிவிட்டேன். இப்போது வாளி 11 நொடியில் நிரம்புகிறது, அதாவது மணிக்கு 6500 லிட்டர் வருகிறது, பம்ப் அதே பம்ப்தான். மெயினை அணைத்தேன், சம்ப் 25-லிருந்து 41 செ.மீ.க்கு ஏறி நின்றது. அந்த இடத்தில் டேப் ஒட்டிவிட்டேன். வால்வைத் திருப்பித் திருப்பி ஒரு மணி நேரம் போனது, ஆனால் சத்தம் அடங்கிய நொடியில் வீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மூலைகளும் சுத்தம்.

ஒரே ஒரு குழப்பம். ப்ளெக்கோ அந்தச் சைபன் துளை மேலேயே போய் ஒட்டிக்கொள்கிறது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனால்?

சில்வர்டாலர்:
குழாயின் மறுபக்கத்தில் அதே உயரத்தில் இன்னொரு துளை போடுங்கள். ஒரு வாயால் இரண்டை அடைக்க முடியாது. தண்ணீர் மாற்றும்போதெல்லாம் பாசி அடைத்திருக்கிறதா என்று ஒரு பல்குச்சியால் குத்திப் பாருங்கள்.