திடப்படுத்தலுக்குப் பிறகு விசுவாசத்தில் வளர வழிகாட்டி தேவையா? கற்பதை எப்படித் தொடர்வது?

கேள்வி: பொருநைக்கரையான்

அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

நான் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவன். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமச் சேகரம் ஒன்றில் வளர்ந்து, இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். ஓய்வுநாள் பள்ளி, வசன மனப்பாடப் போட்டி, முதல் திருவிருந்துக்கு ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பு என்று பதினாறு வயது வரைக்கும் எங்களுக்கு ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தார்கள். பத்துக் கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் ஒப்பித்து, பேராயர் தலையில் கைவைத்து ஜெபித்து, முதல் திருவிருந்து பெற்ற அந்த ஞாயிற்றுக்கிழமையோடு கற்பித்தல் நின்றுவிட்டது. முப்பத்தைந்து வயதில் எழுகிற கேள்விகளுக்குப் பதினாறு வயதில் மனப்பாடம் செய்த விடைகளே கையில் இருக்கின்றன.

தகப்பனார் படுக்கையில் கிடந்த மாதங்களில், நீதிமானாயிருந்தும் துன்பப்பட்ட யோபுவின் புத்தகத்தை வேதாகமத்தில் வாசிக்கத் தொடங்கினேன். அவனைத் தேற்ற வந்த நண்பர்கள் மூவரும் பக்தியாகத்தான் பேசுகிறார்கள். யோபுவோ தேவனோடு வழக்காடுகிறான். யார் பக்கம் நியாயம் என்று பிரித்தறிய முடியாமல் பாதியில் நிற்கிறேன். கேட்கலாம் என்றால், எங்கள் ஆயருக்கு நூற்றுக்கணக்கான குடும்பங்கள், சில ஆண்டுகளில் இடமாற்றம். நண்பர் ஒருவர் அழைத்துச்சென்ற ஜெபக்குழுவில், எந்த வீட்டை வாங்குவது, யாருக்குப் பெண் கொடுப்பது என்பதையெல்லாம் அதன் தலைவரே ஜெபித்துச் சொல்லிவிடுவார் என்றார்கள், நான் விலகிக்கொண்டேன். என்னோடு வேலை செய்யும் கத்தோலிக்க நண்பரோ மாதம் ஒருமுறை ஓர் இயேசு சபைக் குருவிடம் போய்ப் பேசிவிட்டு வருகிறார். வீட்டுப் பெரியவர்கள், கிறிஸ்து ஒருவரே மத்தியஸ்தர், மனுஷனிடம் போகத் தேவையில்லை என்கிறார்கள். சரியான வழி எது?

பதில்: ஓய்வுபெற்ற ஆயர்

தம்பி, மத்தியஸ்தரும் வழிகாட்டியும் ஒன்றல்ல. தேவனுக்கும் மனுஷருக்கும் நடுவே கிறிஸ்து ஒருவரே நிற்கிறார் என்று 1 தீமோத்தேயு 2:5 சொல்வதில் மாற்றமில்லை. ஆனால் அப்போஸ்தலர் நடபடிகள் 8-ஆம் அதிகாரத்தில், எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்தபோது, வாசிப்பது விளங்குகிறதா என்று பிலிப்பு கேட்க, ஒருவர் எடுத்துச் சொல்லாவிட்டால் எப்படி விளங்கும் என்று அவர் கேட்டதையும் அதே வேதம்தான் பதிவுசெய்திருக்கிறது. பிலிப்பு அவர் அருகில் ஏறி உட்கார்ந்து, அவர் வாசித்துக்கொண்டிருந்த அந்தப் பகுதியிலிருந்தே தொடங்குகிறார். ஞானஸ்நானம் முடிந்ததும் பிலிப்பு அவ்விடத்தில் இல்லை. மந்திரி சந்தோஷத்தோடு தன் வழியே போகிறார். தன்னை விட்டால் உனக்கு வழியில்லை என்று நினைக்கவைப்பவரை விட்டு நீங்கள் விலகியது சரியே. தீர்க்கதரிசனம் சொன்னாலும் மற்றவர்கள் அதை நிதானித்துப் பார்க்கவேண்டும் என்றுதான் பவுல் 1 கொரிந்தியர் 14:29-இல் எழுதுகிறார். கேள்வி கேட்க இடமில்லாத கூட்டத்தில் அந்த ஒழுங்கு இல்லை.

ஆயர்தான் வழிகாட்ட வேண்டும் என்பதும் இல்லை. அலெக்சந்திரியாவில் பிறந்த அப்பொல்லோ வேதாகமத்தில் வல்லவர், பேச்சில் வல்லவர். எபேசுவில் அவரைத் தனியே சேர்த்துக்கொண்டு தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாய் விளக்கிக் காட்டியவர்கள், கூடாரம் கட்டிப் பிழைத்த ஆக்கில்லாவும் அவர் மனைவி பிரிஸ்கில்லாளும். நீங்கள் இருக்கும் சபையிலும், வேதத்தை நெடுங்காலம் பொறுமையாக வாசித்து, துக்கம் கடந்துவந்த ஒரு மூத்த தம்பதியர் இருக்கக்கூடும். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களை நம் சபைகள் இந்த வேலைக்கு அழைப்பதே இல்லை என்பது எனக்கு நீண்ட நாளாக உள்ள மனவருத்தம்.

இப்போது யோபு. முதலில் 42:7-ஐ வாசியுங்கள். யோபு தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசினான், நண்பர்கள் அப்படிப் பேசவில்லை என்று கர்த்தரே அந்த நண்பர்களில் ஒருவனான எலிப்பாசிடம் சொல்கிறார். அந்தத் தீர்ப்பைத் தெரிந்துகொண்டு 4-ஆம் அதிகாரத்துக்குத் திரும்புங்கள். அப்போதும் ஒரு சிக்கல் மீந்திருக்கும்: எலிப்பாஸ் 5:13-இல் சொன்னதைப் பவுல் 1 கொரிந்தியர் 3:19-இல் வேதவாக்கியமாகவே எடுத்தாளுகிறார். அப்படியானால் நண்பர்கள் சொன்னதெல்லாம் பொய்யல்ல. பொதுவாக உண்மையானதை, அது பொருந்தாத ஒரு மனிதன்மேல் சுமத்தியதே அவர்களுடைய தவறு என்று நான் புரிந்துகொள்கிறேன். அவர்கள் வந்தவுடன் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று 2:13 சொல்கிறது. அந்த ஏழு நாளில் அவர்கள் நல்ல வழிகாட்டிகள். உங்கள் தகப்பனாரின் வியாதிக்குக் காரணம் சொல்ல அவசரப்படாமல் உங்களோடு உட்காரக்கூடியவரைத் தேடுங்கள்.

பதில்: வைகைத் தென்றல்

சகோதரரே, நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவள். மதுரையில் ஆசிரியையாக இருக்கிறேன். உங்கள் நண்பர் மாதந்தோறும் போவது ஒப்புரவு அருளடையாளத்துக்கு மட்டுமாக இருக்காது. பாவ அறிக்கை வேறு, ஆன்ம வழிகாட்டுதல் வேறு. பின்னதில் குருக்கள் மட்டுமல்லாமல் பயிற்சி பெற்ற அருட்சகோதரிகளும் பொதுநிலையினரும் உதவுகிறார்கள். கடந்த மாதத்தில் ஜெபம் எப்படி இருந்தது, எந்த வசனம் உள்ளத்தைத் தொட்டது, எங்கே வறண்டது என்று நாம் சொல்ல, அவர் கேட்கிறார். அநேகமாகக் கேள்விகள்தான் கேட்பார்.

இந்த முறை, இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரிடமிருந்து வருவது. 1521-இல் பம்பலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்து, லொயோலாவில் தம் குடும்ப வீட்டில் படுத்துக்கிடந்தபோது, வீரக்கதைகள் கிடைக்காமல் கிறிஸ்துவின் வாழ்க்கையையும் புனிதர் வரலாறுகளையும் வாசித்தார். வீரச் செயல்களைப் பற்றிய கனவுகள் அந்த நேரத்துக்கு இனித்துப் பின்பு மனத்தை வெறுமையாக்குவதையும், புனிதர்களைப் போல வாழும் எண்ணம் பிறகும் மகிழ்ச்சியாக நிலைத்திருப்பதையும் அங்கேதான் கண்டுகொண்டார். பயிற்சி கொடுப்பவர் எந்தப் பக்கமும் சாயாமல் தராசின் நடுமுள்ளைப் போல நின்று, படைத்தவரே அந்த ஆன்மாவோடு நேரடியாகச் செயல்பட விட்டுவிடவேண்டும் என்று தம் ‘ஆன்மப் பயிற்சிகள்’ என்ற நூலின் முன்குறிப்புகளிலேயே எழுதிவைத்தார். வீட்டையும் வரனையும் முடிவுசெய்து தருகிறவரை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள்.

கற்றலைப் பற்றி நீங்கள் கேட்டதற்கும் அவரிடம் விடை உண்டு. முப்பது வயதைக் கடந்தவர், 1524-இல் பார்சலோனாவில் சிறுவர்களோடு உட்கார்ந்து இலத்தீன் இலக்கணத்தைத் தொடக்கத்திலிருந்து படித்தார். பாடத்தை மனப்பாடம் செய்ய உட்காரும்போதெல்லாம் ஆழ்ந்த பக்தி உணர்வுகள் பொங்கிவந்து படிப்பைத் தடுத்தன. செபத்தின்போதும் திருப்பலியின்போதும் வராத இந்த ஒளி பாடவேளையில் மட்டும் ஏன் வருகிறது என்று யோசித்து, அதைச் சோதனை என்று கண்டுகொண்டார். ஆசிரியரிடம் போய், உண்ண ரொட்டியும் தண்ணீரும் கிடைக்கும்வரை இரண்டு ஆண்டுகள் வகுப்பைத் தவறவிடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். பிறகு பாரிசில் படித்து 1535-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். உணர்ச்சியே போதும், படிப்பு விசுவாசத்தை வறளச்செய்யும் என்று சொல்லும் நம் கூட்டங்களில் இதை எடுத்துச்சொல்ல எனக்கு மிகுந்த ஆசை.

பதில்: மெதடிஸ்து மரபினன்

ஒரே ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். 1742-இல் பிரிஸ்டலில், கூட்டம் கூடும் கட்டடத்தின் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிப்பது என்றும், பன்னிரண்டு பேருக்கு ஒருவர் அதைச் சேகரிப்பது என்றும் மெதடிஸ்து இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் மக்கள் ஏற்பாடு செய்தார்கள். வீடு வீடாகப் போனவர்கள் அங்குள்ளவர்களின் உண்மை நிலையைக் கண்டார்கள்; அந்த வசூலே, வாரந்தோறும் ஒருவர் ஆன்ம நிலையை ஒருவர் விசாரிக்கும் வகுப்புக் கூட்டமாக மாறியது. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மெதடிஸ்துகளும் அதில் இணைந்தார்கள். ஆகவே இது உங்கள் சபையின் சொத்தும்கூட. ஆயரின் ஒப்புதலோடு நான்கைந்து பேர் சேர்ந்து தொடங்கினால் இடமாற்றம் அதைக் குலைக்காது.

கேட்டவர்: பொருநைக்கரையான்

எல்லாருக்கும் நன்றி. எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியையிடமும் அவர் கணவரிடமும் பேசினேன். ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு அவர்கள் வீட்டில் உட்காரச் சம்மதித்திருக்கிறார்கள். ஐயா, யோபுவை எப்படிப் பிரித்து வாசிப்பது?

பதில்: ஓய்வுபெற்ற ஆயர்

நல்லது, தம்பி. முதல் இரண்டு அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசியுங்கள். 3-ஆம் அதிகாரப் புலம்பலுக்குத் தனியாக ஒரு வாரம் கொடுங்கள். 4 முதல் 27 வரை வாக்குவாதம் மூன்று சுற்றாகப் போகிறது. ஒரு நண்பரின் பேச்சையும் அதற்கு யோபுவின் மறுமொழியையும் சேர்த்து வாசித்து, இவர் சொன்னதில் எது உண்மை, அதை இவனிடம் சொல்லலாமா என்ற இரண்டு கேள்விகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் சுற்றில், மூன்றாவது நண்பரான சோப்பார் பேசுவதே இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த மூவருக்கும் பின் பேச வரும் இளையவன் எலிகூ பேசும் 32 முதல் 37 வரை கடினமான பகுதி. கர்த்தர் தம் தீர்ப்பில் அவன் பெயரைக் குறிப்பிடவில்லை, ஏன் என்பதில் உரையாசிரியர்கள் ஒத்துப்போவதும் இல்லை. அங்கே வரும்போது, ஒவ்வொருவரும் வீட்டிலேயே தம் கருத்தை எழுதிக்கொண்டு வந்து பேசுங்கள். தலைமையாசிரியை அம்மாவைக் கடைசியில் பேசச் சொல்லுங்கள்.