சக்கரத்துக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவைத் தேடிச் சென்ற அனுபவம்

மொழி வரலாற்றைப் படிக்கத் தொடங்கிய காலத்தில், 'சக்கரம்', 'சைக்கிள்' ஆகிய இரண்டும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை என்ற குறிப்பை ஓர் அகராதியில் கண்டேன். ஒன்று வடமொழி வழியாகவும் மற்றொன்று ஆங்கிலம் வழியாகவும் தமிழுக்கு வந்திருக்க, இவை எப்படி உடன்பிறந்தவையாகும் என்ற கேள்வி என்னை விடவில்லை.

சம்ஸ்கிருதம், பாரசீகம், கிரேக்கம், லத்தீன், ஆங்கிலம் முதலியவற்றின் பொது மூதாதையாக அறிஞர்கள் மீட்டுருவாக்கிய மூல இந்தோ-ஐரோப்பிய மொழியில் 'க்வெல்' என்ற வேருக்குச் சுழலுதல் என்று பொருள். அதன் முதலொலியை இரட்டித்துப் பிறந்த 'க்வெக்வ்லோஸ்' சக்கரத்தைக் குறித்தது. அதுவே கிரேக்கத்தில் 'குக்லோஸ்' ஆகிப் பிற்காலத்தில் சைக்கிளுக்குப் பெயர் தந்தது. சம்ஸ்கிருதத்தில் 'சக்ர' ஆயிற்று. ஆங்கிலத்தில் 'வீல்' ஆயிற்று. பாரசீகத்தில் 'சர்க்' என்று ஒலி இடம் மாறி, இந்தி வழியாக நூல் நூற்கும் 'சர்க்கா'வாக நம்மிடம் வந்தது. ஆக, ஒரே மூதாதையின் வழிவந்த நான்கு சொற்களை நாம் அன்றாடம் வெவ்வேறு பொருளில் வழங்குகிறோம்.

என்னை மிகவும் ஈர்த்தது, 'க்வ்' எப்படிச் 'ச' ஆனது என்பதே. லத்தீனில் ஐந்துக்குக் 'குவின்குவே', சம்ஸ்கிருதத்தில் 'பஞ்ச'. 'உம்' என்ற பொருளில் லத்தீனில் 'குவே', சம்ஸ்கிருதத்தில் 'ச'. இவற்றை ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தபோது ஒழுங்கு தானாகவே புலப்பட்டது. எகரத்துக்கு முன் நின்ற பழைய ககர ஒலி சகரமாகத் திரிந்தது. பின்னர் அந்த எகரமும் அகரமாகிவிட்டதால், திரிபுக்கான காரணமே சம்ஸ்கிருதத்தில் மறைந்துபோயிற்று. 1870களில் இவ்விதி தெளிவான பிறகு, உயிரொலிகளைப் பொறுத்தவரை கிரேக்கமும் லத்தீனும் சம்ஸ்கிருதத்தைவிடப் பழைய நிலையைக் காத்திருக்கின்றன என்பது உறுதியாயிற்று. ஒரு சிறு சகரம் இவ்வளவு பெரிய முடிவுக்குச் சான்றாக நின்றதை நான் இன்றும் வியப்போடுதான் எண்ணிப் பார்க்கிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். ரஷ்ய மொழியில் சக்கரத்துக்குக் 'கொலெசோ' என்று பெயர். அதுவும் 'க்வெல்' வேரின் வழிவந்ததே. 'கடலோடா கால்வல் நெடுந்தேர்' என்ற குறளில் வரும் 'கால்' சக்கரத்தைக் குறிப்பதால், இவ்விரண்டையும் இணைத்துவிடும் ஆசை எழலாம். ஆனால் வேறு சொற்களிலும் திரும்பத் திரும்பக் காணப்படும் ஒலி ஒழுங்கு இல்லாத இடத்தில், ஓசை ஒப்புமை மட்டும் உறவுக்குச் சான்றாகாது.

மாறாக, ஓசையில் விலகி நிற்கும் உறவுகளும் உண்டு. அதே வேர் லத்தீனில் 'கொலெரே' ஆகி, ஓரிடத்தில் உலவுதல், குடியிருத்தல், நிலத்தைப் பண்படுத்துதல் என்று பொருள் விரிந்தது. அதிலிருந்து குடியேற்றத்தைக் குறிக்கும் 'கொலோனியா' பிறந்தது. நம் ஊர்களில் தெருப்பெயர்களோடு ஒட்டி நிற்கும் 'காலனி' அதன் வழிவந்ததே.

சீனாவின் வடமேற்கிலுள்ள தாரிம் படுகையில் கிடைத்த, இதே குடும்பத்தைச் சேர்ந்து வழக்கொழிந்த தொகாரிய மொழியின் சுவடிகளில், அதே வேரின் வழிவந்த 'கோகலே' என்ற சொல் வண்டியைக் குறிக்கிறது. பண்டைய துருக்கிப் பகுதியில் வழங்கிய, அதே குடும்பத்தின் ஹிட்டைட் மொழியிலோ சக்கரத்துக்கு 'ஹுர்கி' என்ற வேறொரு சொல்லே வழங்கியது. சக்கரத்துக்கான தொல்லியல் சான்றுகள் ஏறத்தாழ கி.மு. 3500 அளவில் தொடங்குவதையும் இதனோடு சேர்த்து நோக்கி, அம்மொழியின் கிளை அதற்கு முன்பே பிரிந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.