ஒரு சிற்றூரின் வாக்குகளிலிருந்து அவ்வூர் மக்களின் அரசியல் சார்பை அறிய முடியுமா?

கேள்வி:
சில ஆயிரம் வாக்காளர்களே உள்ள ஊரகச் சிறு நகரம் ஒன்றில், தேசிய அளவிலான தேர்தல்களில் தொடர்ந்து ஒரே கட்சி முன்னிலை பெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவ்வூரை அக்கட்சியின் கோட்டை என்றே எல்லோரும் குறிப்பிடுகிறார்கள். ஆனால் உள்ளாட்சித் தேர்தல் வந்தால் அதே ஊர் வேறு கட்சியினரையோ சுயேச்சைகளையோ தேர்ந்தெடுக்கிறது. இதை மனமாற்றம் என்று கொள்வதா, அவர்களுக்கு உறுதியான சார்பே இல்லை என்று கொள்வதா? கோட்டை என்று பெயர் பெற்றுவிட்ட ஊரை ஒரு கட்சி தன் கைக்குள் இருப்பதாகக் கருதிப் புறக்கணிக்கிறது, மற்றக் கட்சியோ நம்பிக்கை இழந்து ஒதுக்குகிறது. அதனால்தான் இக்கேள்வியை முக்கியமாகக் கருதுகிறேன்.

பதில் 1:
இரண்டுமே இல்லை என்பது என் கருத்து. தேசியத் தேர்தலில் வாக்காளர் கட்சியையும் அதன் தலைமையையும் எடைபோடுகிறார். உள்ளாட்சித் தேர்தலில் தமக்கு நேரில் தெரிந்த ஒருவரை எடைபோடுகிறார். அமெரிக்கத் தென்மாநிலங்களில் ஒரே கட்சி ஆதிக்கம் செலுத்திய காலத்தில், அக்கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்தேர்தல்களில் போட்டியிட்டவர்கள் தத்தம் சொந்த மாவட்டத்திலும் அதை அடுத்த மாவட்டங்களிலும் மிக அதிகமான வாக்குகளைப் பெற்றதை வி. ஓ. கீ என்ற அறிஞர் 1949இல் எடுத்துக்காட்டினார். அங்கே கட்சி வேறுபாட்டுக்கே இடமில்லை. அறிமுகமும் அண்மையும்தான் வாக்கைத் தீர்மானித்தன. சிற்றூரில் இந்த அறிமுகத்தின் வலிமை இன்னும் கூடுதலாகவே இருக்கும்.

பதில் 2:
விழுக்காட்டை மட்டும் பார்க்காமல் வாக்குகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். 1,000 வாக்காளர்கள் உள்ள ஊரில் 600 பேர் வாக்களித்து, இரு கட்சிகளும் தலா 300 வாக்குகள் பெறுகின்றன. அடுத்த முறை 500 பேர் மட்டுமே வருகிறார்கள். முதல் கட்சி அதே 300 வாக்குகளையும் இரண்டாவது கட்சி 200 வாக்குகளையும் பெறுகின்றன. 50 விழுக்காடு 60 ஆக உயர்ந்துவிட்டது; ஊரே ஒரு பக்கம் சாய்ந்ததாகச் செய்தி வரும். ஒருவர்கூடக் கட்சி மாறியிருக்க வேண்டியதில்லை. 100 பேர் வீட்டிலிருந்தாலே இது நிகழும். அந்த 100 பேர் ஏன் வரவில்லை என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அதை யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பதில் 3:
மேலே சொன்னவற்றோடு இன்னொரு எச்சரிக்கையும் தேவை: ஊரின் கூட்டுத்தொகையிலிருந்து தனிமனிதரைப் பற்றி முடிவு செய்யக் கூடாது. 1930ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஆராய்ந்த சமூகவியலாளர் டபிள்யூ. எஸ். ராபின்சன், 1950இல் இதை நிறுவினார். வெளிநாட்டில் பிறந்தோர் மிகுந்த மாநிலங்களில் எழுத்தறியாமை குறைவாக இருந்தது. மாநில அளவில் அவ்விரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவு (ஒன்று கூடும்போது மற்றொன்றும் கூடினால் நேர் எண்ணாகவும், குறைந்தால் எதிர் எண்ணாகவும் அமையும் அளவு) ஏறத்தாழ −0.53. அதைக் கண்டவர், குடியேறியவர்களே கூடுதலாக எழுத்தறிவு பெற்றவர்கள் என்று முடிவுகட்டியிருப்பார். தனிமனித அளவில் கணக்கிட்டபோதோ ஒட்டுறவு 0.12 என நேர்மாறாக அமைந்தது. எழுத்தறியாமை குடியேறியவர்களிடமே சற்று அதிகம். உள்நாட்டில் பிறந்தோரிடையே எழுத்தறிவு மிகுந்திருந்த மாநிலங்களில் அவர்கள் குடியேறியதே இந்த மயக்கத்துக்குக் காரணம். அதுபோலவே, உழவர்கள் மிகுந்த ஒரு பகுதியில் ஒரு கட்சி வென்றது என்பதனாலேயே உழவர்கள் அக்கட்சிக்கு வாக்களித்தார்கள் என்று ஆகிவிடாது. அவர்களைச் சுற்றி வாழும் மற்றவர்களின் வாக்குகள் அந்த வெற்றியைத் தந்திருக்கலாம்.

கேள்வி கேட்டவர்:
விளக்கங்களுக்கு நன்றி. அப்படியானால் மக்களிடமே நேரில் கேட்பதுதான் வழியா?

பதில் 2 எழுதியவர்:
கேட்பது பயன் தரும், ஆனால் ஒருமுறை கேட்டால் போதாது. 1940இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் சமூகவியலாளர் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய குழுவினரும் ஒரே 600 பேரை மே முதல் நவம்பர் வரை மாதந்தோறும் சந்தித்தார்கள். வானொலியையும் நாளிதழையும்விடச் சுற்றியிருப்போருடன் நடந்த பேச்சே வாக்காளர்களிடம் அதிகச் செல்வாக்குப் பெற்றிருந்ததாக அவர்கள் கண்டார்கள்.

பதில் 3 எழுதியவர்:
அந்தச் சுற்றமே சில நேரங்களில் வாயடைக்கவும் செய்யும். வாக்கை உரக்க அறிவிக்க வேண்டியிருந்த காலத்தில் குத்தகையாளர் நிலவுடைமையாளருக்கு அஞ்சினார். அதனால்தான் 1856இல் ஆஸ்திரேலியப் பகுதிகளான விக்டோரியாவிலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும், 1872இல் பிரிட்டனிலும் இரகசிய வாக்கெடுப்பு வந்தது. இன்றும் சில நூறு வாக்குகளே பதிவாகும் சாவடியின் முடிவு தனியே வெளியானால், எந்தத் தெரு யாருக்கு வாக்களித்தது என்று ஊகித்துவிடலாம். பல சாவடிகளின் வாக்குகளைக் கலந்து எண்ணும் கருவியை இந்தியத் தேர்தல் ஆணையம் 2008இல் முன்மொழிந்ததும் இதனால்தான். சாவடிவாரிக் கணக்கு நமக்கு ஆய்வுப் பொருள். அங்கே வாழ்பவருக்கு அது அச்சமாகவும் இருக்கக்கூடும். எனவே யாரிடமும் எவருக்கு வாக்களித்தீர்கள் என்று கேட்காமல், எந்தக் குறை தீர வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள் என்பதிலிருந்து உங்கள் உரையாடலைத் தொடங்குங்கள்.