ஸ்கைரிம்: ஐஎன்ஐ கோப்பில் எழுதியும் வண்டி துள்ளுவது நிற்கவில்லை

மலைச்சாரல்:
வணக்கம். ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் என்ற கணினி விளையாட்டை முதன்முறையாக விளையாடுகிறேன். என் திரை 144 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 144 ஃபிரேம் (படம்) காட்டும். ஆட்டம் நொடிக்கு 60 ஃபிரேமைத் தாண்டாததால், ஸ்கைரிம்பிரெஃப்ஸ் என்ற ஐஎன்ஐ (அமைப்புக்) கோப்பில், ஃபிரேம் வேகத்தைத் திரையோடு கட்டிவைக்கும் விசிங்க் வரியை 1-இலிருந்து 0 ஆக்கினேன். வேகம் கூடியது. ஆனால் கைதிகளை ஏற்றிச் செல்லும் முதல் காட்சியிலேயே வண்டி குதிரையோடு எகிறிக் குட்டிக்கரணம் போடுகிறது!

ஆட்டத்தின் இயற்பியலுக்கான ஹேவோக் தலைப்பின் கீழ், ஒரு ஃபிரேமுக்கு எத்தனை நொடி என்று சொல்லும் எஃப்மேக்ஸ்டைம் அளவை 0.0069 ஆக்கச் சொன்னார்கள். நோட்பேடில் ஸ்கைரிம்கஸ்டம் என்ற புதிய கோப்பைத் தொடங்கி அப்படியே எழுதினேன். எந்த மாற்றமும் இல்லை. எழுத்துப்பிழை இருக்குமோ என்று எட்டு முறை படித்துவிட்டேன். இரண்டு இரவுகள் போய்விட்டன. உதவுங்கள்.

பழையவிசை:
கணக்கு சரிதான். ஆட்டத்தின் இயற்பியல் 60 ஃபிரேமை நம்பி எழுதப்பட்டது. 1-ஐ 60-ஆல் வகுத்தால் வரும் 0.0166தான் அதன் இயல்பு அளவு. 144-க்கு 0.0069. எனவே ஆட்டம் உங்கள் கோப்பைப் படிக்கவேயில்லை என்று நினைக்கிறேன். டாக்குமெண்ட்ஸில் மை கேம்ஸுக்குள் இருக்கும் ஆட்டத்தின் ஃபோல்டரில்தானே வைத்தீர்கள்? ஹேவோக் சதுர அடைப்புக்குள் இருக்கிறதா? பக்கத்துக் கோப்புகளின் படமும் உங்கள் கோப்பின் படமும் ஒன்றுபோல் இருக்கின்றனவா?

மலைச்சாரல்:
இடம் அதேதான், அடைப்பும் இருக்கிறது. படம் வேறு! மற்றவற்றில் தாளின் மேல் ஒரு பல்சக்கரம் தெரிகிறது. என்னுடையதில் கோடு போட்ட தாள் மட்டும்.

பழையவிசை:
அகப்பட்டுவிட்டது. நோட்பேட் பெயரின் வாலில் டிஎக்ஸ்டி (வெறும் உரைக் கோப்பின் நீட்டிப்பு) என்று ஒட்டியிருக்கிறது. விண்டோஸ் அதை மறைத்துக் காட்டுகிறது. ஃபோல்டரின் வியூ பட்டியலில் கோப்பு நீட்டிப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். ஐஎன்ஐக்குப் பின்னால் உள்ள வாலை அழித்துவிடுங்கள்.

கருங்கல்:
இன்னொன்றையும் கவனியுங்கள். 0.0069 வைத்துவிட்டு, ஃபிரேம் 144-க்கு மிகவும் கீழே இறங்கினால் பொருள்கள் மெதுவாக விழும். உங்கள் கணினி எதைத் தொடர்ந்து தாங்குகிறதோ அதை உச்சவரம்பாக வைத்து, அதற்கேற்ப வகுத்துக்கொள்ளுங்கள். பிரெஃப்ஸ் கோப்பை 'படிக்க மட்டும்' என்று பூட்டச் சிலர் சொல்வார்கள், வேண்டாம். பிறகு ஆட்டத்துக்குள் ஒலியளவை மாற்றினாலும் சேமிக்காது.

மலைச்சாரல்:
வாலை அழித்ததும் பல்சக்கரம் வந்துவிட்டது! வண்டி ஹெல்கன் ஊரின் வாசல்வரை ஆடாமல் அசையாமல் போனது. வெட்டவெளியில் ஃபிரேம் குறைந்ததால் 90-இல் நிறுத்தி, அளவை 0.0111 ஆக்கியிருக்கிறேன். இருவருக்கும் மிக்க நன்றி.