டெக்சஸ் இன்-ஸ்டேட் ஃபீஸ் (அந்த மாநிலத்துக்காரங்களுக்கான குறைஞ்ச கட்டணம்) கைவிட்டுப் போகுது. வழி இருக்கா?

கேள்வி: இர்விங்_அப்பா

வணக்கம். பொண்ணு இந்த ஜூன்ல நியூஜெர்சியில ஹைஸ்கூல் முடிக்கிறா. டாலஸ் பக்கம் ஒரு ஸ்டேட் யுனிவர்சிட்டியில கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைச்சிருக்கு. வேற எங்கே கிடைச்சாலும் அவ மனசு இதுலதான்.

நான் ஹெச்-1பி (வேலை விசா), அவளும் அவ அம்மாவும் ஹெச்-4 (ஹெச்-1பி-காரர் குடும்பத்துக்கான விசா). வேலை மாறி போன செப்டம்பர் 22 அன்னிக்கு நான் மட்டும் டாலஸ் பக்கத்துல இர்விங் வந்து சேர்ந்தேன். கடைசி வருஷத்துல பள்ளிக்கூடம் மாத்த வேணாம்னு அவங்க ரெண்டு பேரும் அங்கேயே தங்கிட்டாங்க. மாசம் ஒரு தடவை நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன்.

நேத்து யுனிவர்சிட்டி போர்ட்டல்ல "நான்-ரெசிடென்ட்"னு, அதாவது வெளி மாநிலத்தவர்னு, வந்து நிக்குது. அப்ளிகேஷன்ல "உன் அப்பாவோ அம்மாவோ 12 மாசமா டெக்சஸ்ல இருக்காங்களா"ன்னு கேட்டதுக்கு இல்லைன்னு போட்டிருக்கா. உண்மைதானே, அப்ளிகேஷன் போட்ட நவம்பர்ல நான் வந்து ரெண்டே மாசம். இந்த 12 மாசத்தை எந்தத் தேதி வரைக்கும் எண்ணுவாங்க? வீட்டம்மா வேற "விசாவுல இருக்கிறவங்க பிள்ளைக்கு இதெல்லாம் கிடைக்காது, விடுங்க"ங்கிறாங்க. மே 1-க்குள்ள டெபாசிட் கட்டணும்.

பதில்: ஹூஸ்டன்_பழசு

முதல்ல வீட்டம்மா சொன்னதுக்கு. டெக்சஸ்ல ஹெச்-1பி, ஹெச்-4 ரெண்டுமே டொமிசைல் (நிரந்தர இருப்பிடம்) காட்டத் தகுதியுள்ள விசாதான். எஃப்-1 (மாணவர் விசா), பி (விசிட்டர் விசா) மாதிரி இல்லை. இந்தச் சண்டை பழசு. மேரிலாண்ட் யுனிவர்சிட்டி ஜி-4 விசாக்காரர்களோட (சர்வதேச அமைப்புகள்ல வேலை பார்க்கிறவங்க) பிள்ளைகளுக்கு இன்-ஸ்டேட் தர மாட்டேன்னு சொல்லி, வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 1982-ல பிள்ளைகள் பக்கம்தான் தீர்ப்பு வந்தது.

இப்போ தேதி. கணக்கு முடியிறது சென்சஸ் டேட் அன்னிக்கு, அதாவது யுனிவர்சிட்டி மாணவர் எண்ணிக்கையைக் கணக்கெடுக்கிற நாள். ஃபால் (ஆகஸ்ட்ல தொடங்குறது), ஸ்பிரிங் (ஜனவரியில தொடங்குறது) செமஸ்டருக்கு அது வகுப்பு நடக்கிற நாட்கள்ல 12-வது நாள். ஆகஸ்ட் கடைசியில வகுப்பு தொடங்கினா செப்டம்பர் ரெண்டாவது வாரத்துல வரும். நீங்க செப்டம்பர் 22. ஏறக்குறைய 12 நாள் இடிக்குது. வயித்தெரிச்சல்தான், ஆனா அந்த ஒரு செமஸ்டருக்கு மட்டும்தான் இடிக்குது. ஸ்பிரிங் செமஸ்டருக்கு மறுவகைப்படுத்தச் சொல்லி கோர் ரெசிடென்சி கேள்விகளை (எங்கே குடியிருக்கீங்கன்னு கேக்கிற ஃபார்ம்) திரும்ப நிரப்பிக் கொடுங்க. அதுக்குள்ள உங்களுக்கு 16 மாசம் ஆயிருக்கும். அவ உங்க வரிக் கணக்குல டிபென்டன்ட்டா இருக்கத் தகுதியுள்ளவளா இருந்தா, பெத்தவங்கள்ல ஒருத்தர் இங்கே டொமிசைல் காட்டினாலே போதும். ரெண்டு பேரும் இருக்கணும்னு இல்லை. மாசாமாசம் ஜெர்சி போயிட்டு வர்றதால அது அறுந்து போகாது.

வெறுமனே இங்கே இருந்தேன்னா மட்டும் எடுபடாது. வேலை, சொந்த வீடு, சொந்த பிசினஸ், இங்கேயே டொமிசைல் உள்ளவரோட கல்யாணம், இதுல ஒண்ணையாவது காட்டணும். உங்களுக்கு வேலை இருக்கு. சம்பளச் சீட்டு, லீஸ், கரண்ட் பில் எதையும் தூக்கிப் போடாதீங்க.

பதில்: சும்மா_வந்தவன்

அண்ணே, லீஸ் பேப்பர்ல ரெண்டு வாரம் முன்னாடி தேதி போட்டுக் கொடுக்கச் சொல்லுங்க. யாரு பார்க்கப் போறா?

பதில்: ஹூஸ்டன்_பழசு

தம்பி, அந்த ஃபார்ம்ல கையெழுத்து போடப்போறது 17 வயசுப் பொண்ணு. தப்புத் தகவல் கொடுத்தது தெரிஞ்சா ஒவ்வொரு செமஸ்டருக்கும் வித்தியாசத்தைப் பின்னாடி போய் வசூல் பண்ணுவாங்க. அப்பா விசாவுல இருக்கிற குடும்பம் வேற. இந்தப் பேச்சே வேணாம்.

பதில்: ஃப்ரிஸ்கோ_அக்கா

தம்பி, வரிக் கணக்கு எப்படிப் போட்டீங்க? நாங்க பண்ணின தப்பைச் சொல்றேன். என் வீட்டுக்காரர் நவம்பர்லயே இங்கே வந்துட்டார். ஆனா பழக்கதோஷத்துல வருஷம் பூரா நியூஜெர்சி ரெசிடென்ட்னு ஃபைல் பண்ணிட்டார். டெக்சஸ்ல ஸ்டேட் இன்கம் டாக்ஸ் கிடையாதே, அதனால இந்தப் பக்கம் காட்ட ஒரு காகிதமும் இல்லை, அந்தப் பக்கம் மட்டும் எங்க கையெழுத்து. பார்ட்-இயர்னு (வருஷத்துல கொஞ்ச நாள் மட்டும் அங்கே குடியிருந்ததா) திருத்தி அனுப்பின பிறகுதான் யுனிவர்சிட்டி ஆபீஸ்ல நாங்க சொன்னதைக் காதுல வாங்கினாங்க.

இன்னொண்ணு, ஃபால் பணத்துக்கே ஒரு வழி இருக்கு. யுனிவர்சிட்டியே போட்டி வெச்சுக் கொடுக்கிற ஸ்காலர்ஷிப் 1,000 டாலராவது கிடைச்சா, வெளி மாநிலப் பிள்ளைக்கும் இன்-ஸ்டேட் ரேட் கொடுக்க டெக்சஸ் சட்டத்துல இடம் இருக்கு. மொத்த மாணவர்கள்ல 5 சதவீதத்துக்கு மேல இப்படிக் கொடுக்கக் கூடாதுன்னு வரம்பும் உண்டு, அதனால எல்லா காலேஜும் தாராளமா தராது. "நான்-ரெசிடென்ட் டியூஷன் வேவர் (வெளி மாநில ஃபீஸ் விலக்கு) இதுல வருமா"ன்னு அந்த வார்த்தையைச் சொல்லியே கேளுங்க. ஸ்காலர்ஷிப் இருக்கான்னு பொதுவா கேட்டா ஒரு லிங்க்கை அனுப்பிட்டுப் போயிடுவாங்க.

பதில்: பே_ஏரியா_மாமா

டெக்சஸ்ல இருக்கோம்னு சந்தோஷப்படுங்க சார். இங்கே யுசி-ல (கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி) 366 நாள் கேப்பாங்க, ஒரு வருஷமும் மேல ஒரு நாளும். இல்லேன்னா டியூஷனுக்கு மேல வருஷம் 30,000 டாலருக்கும் அதிகமா தனிக் கட்டணம். அப்புறம், பொண்ணுக்கு 21 எப்போ ஆகுது? அன்னிக்கு ஹெச்-4 போயிடும். எஃப்-1-க்கு மாறினா ஃபீஸ் என்ன ஆகும்னு இப்பவே ஈமெயில்ல கேட்டு பதிலை எடுத்து வெச்சுக்கோங்க.

கேள்வி கேட்டவர்: இர்விங்_அப்பா

எல்லாருக்கும் நன்றி. அக்கா, உங்க பதிலைப் படிச்சதும் லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். நல்ல வேளை, பார்ட்-இயர்தான். ஆனா கீழே பார்க்கிங்ல நிக்கிற காருக்கு இன்னும் ஜெர்சி நம்பர் பிளேட். பர்ஸ்ல இருக்கிறதும் ஜெர்சி லைசென்ஸ்தான். வந்து 30 நாள்ல வண்டியையும் 90 நாள்ல லைசென்ஸையும் மாத்தியிருக்கணுமாம், ஏழு மாசம் ஆச்சு. திங்கட்கிழமை லீவு போட்டிருக்கேன்.

வேவர் பத்தி பொண்ணையே மெயில் எழுதச் சொன்னேன். "நீங்க லைசென்ஸ் மாத்தாததுக்கு நான் எதுக்கு கெஞ்சணும்"னு கேட்டா. ஆனா எழுதிட்டா.