கீட்டோவில் பசியே இல்லாதபோதும் சாப்பிட வேண்டுமா?

கேள்வி:
மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பை அதிகம் உண்ணும் கீட்டோ உணவுமுறையைத் தொடங்கிய சில வாரங்களிலேயே பசி வெகுவாகக் குறைந்துவிட்டதால், காலையில் வெண்ணெய் கலந்த காபியோடு நிறுத்திக்கொண்டு, மதியம் மூன்று முட்டையும் கீரைப் பொரியலும், மாலை ஏழு மணிக்குள் 100 கிராம் பனீரும் மட்டுமே உண்கிறேன். 70 கிலோவாக இருந்த எடை இறங்குகிறது. ஆனால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறது, மாதவிலக்கும் தள்ளிப்போயிருக்கிறது. வற்புறுத்தியாவது சாப்பிட வேண்டுமா? சர்க்கரைக்கு எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரை எடுக்கும் என் அம்மாவும் இதையே தொடங்க விரும்புகிறார்.

பதில் 1:
சகோதரி, உடல் கொழுப்பை எரிக்கும்போது உருவாகும் கீட்டோன்கள் பசியை அடக்குவதால், பசிக்கவில்லை என்பதை வைத்துப் போதுமான அளவு சாப்பிட்டுவிட்டோம் என்று முடிவுசெய்ய இயலாது. நீங்கள் எழுதியதைக் கூட்டினால் ஏறத்தாழ 700 கலோரிதான் வருகிறது. 800க்குக் கீழே செல்லும் உணவுமுறைகள் மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே மேற்கொள்ளப்படுபவை. அதைவிடக் கவலை தருவது புரதம்: முட்டையில் 18 கிராம், பனீரில் கிட்டத்தட்ட அதே அளவு; எடை குறைக்கும் காலத்தில் கிலோவுக்கு 1.2 கிராம் என்று கணக்கிட்டால்கூட உங்களுக்கு 80 கிராமுக்கு மேல் தேவைப்படும்போது, அதில் பாதிகூட வரவில்லை என்பதால், கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும். வலிப்பு நோய்க்குப் பட்டினி பலனளித்தும் அதை நீட்டிக்க இயலாததால், அதே விளைவைச் சாப்பிட்டுக்கொண்டே பெறுவதற்காக 1921இல் மேயோ கிளினிக்கின் ரஸ்ஸல் வைல்டர் முன்வைத்ததுதான் கீட்டோ. ஏகாதசி விரதத்துக்குக்கூட மறுநாள் பாரணை உண்டு. உங்கள் விரதத்துக்கு அது எப்போது?

பதில் 2:
விரதத்தையே குறை கூறுவது எனக்கு உடன்பாடில்லை. 16 மணி நேரம் இடைவெளி விட்டாலும், எஞ்சிய எட்டு மணி நேரத்துக்குள் தேவையானதை உண்டுவிட்டால் போதும். வெண்ணெய்க் காபியை விட்டுவிட்டு, மதியம் மீனோ கோழியோ சேர்த்து, பனீரை இரட்டிப்பாக்குங்கள். மாவுச்சத்து குறையும்போது சிறுநீரகம் உப்பை அதிகமாக வெளியேற்றுவதும் தலைசுற்றலுக்கு ஒரு காரணம். இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இல்லையென்றால், உப்பிட்ட எலும்பு சூப் உதவும். மாதவிலக்கு தள்ளிப்போனதற்கு மட்டும் கைவைத்தியம் வேண்டாம். கர்ப்பம் இல்லை என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு மருத்துவரைப் பாருங்கள்.

பதில் 3:
அம்மாவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைத்தாலோ பட்டினி கிடந்தாலோ, கீட்டோன்கள் அளவுமீறிச் சேர்ந்து இரத்தத்தில் அமிலத்தன்மை கூடும் ஆபத்தான நிலையான கீட்டோஅசிடோசிஸ் வரக்கூடும். அப்போது சர்க்கரை அளவு அவ்வளவாக ஏறாமலே இருக்கக்கூடும் என்பதால், வீட்டிலுள்ள குளுக்கோமீட்டரை நம்பி ஏமாந்துவிடுவோம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் கூடாது. அவருடைய மருத்துவர் மருந்தை மாற்றியமைக்கும்வரை அம்மா வழக்கமான உணவையே தொடரட்டும்.