லொறி மேல் ஏறிய ராஜா

தேர்தல் மேடையில் வரலாறு படும் பாட்டைப் பற்றி நானும் ஒன்று சொல்கிறேன். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டப் பாடசாலையொன்றில் வரலாறு படிப்பிக்கிறேன். தேர்தல் நேரம், வேட்பாளர் ஒருவர் காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் எங்கள் பிரட்டுக்களத்தில் லொறி மேல் ஏறிப் பேசினார். எடுத்த எடுப்பிலேயே, கண்டியை ஆண்ட கடைசி ராஜாவின் ரத்தம்தான் நம் உடம்பில் ஓடுகிறதாம். நல்ல கைதட்டல்.

கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்த அப்பாயி என் பக்கம் சாய்ந்தாள். "ராஜா வீட்டு ஆளுங்கன்னா நமக்கு ஏன்டா பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா?" லயத்து அறையைத்தான் சொன்னாள்.

அந்தக் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தெலுங்கு வழி வந்த நாயக்கர். 1815இல் ஆங்கிலேயர் பிடித்து, பிறகு வேலூருக்கு அனுப்பிவிட்டார்கள். நம் ஆட்கள் இந்தியாவிலிருந்து வந்து இருநூறு ஆண்டு என்று 2023இல் நாம் நடத்திய 'மலையகம் 200' 1823இலிருந்து வந்த கணக்கு. கோப்பித் தோட்டத்துக்கு நம் ஆட்கள் இந்தப் பக்கம் வந்தபோது ராஜா அந்தப் பக்கம் சிறையில் இருந்தார்.

சரி, அது ஆசைக்குச் சொன்னது, விடலாம். அடுத்ததைத்தான் விட முடியவில்லை. 1948இல் நம் குடியுரிமையைப் பறித்த சட்டத்துக்கு, வடக்குத் தமிழர் தலைவர், தமிழ்க் காங்கிரஸின் ஜி. ஜி. பொன்னம்பலம் கை தூக்கினாராம், அதனால் வடக்கு ஆட்களை நம்பக்கூடாதாம். மலையக மேடைகளில் தேய்ந்துபோன வசனம் இது. அந்தச் சட்டத்தை அவர் எதிர்த்துத்தான் வாக்களித்தார். அப்புறம் அமைச்சரானார், அதன் பின் வந்த, நம் ஆட்கள் குடியுரிமை பெறக் கடும் நிபந்தனை வைத்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தை ஆதரித்தார். அது 1949ஆம் ஆண்டுச் சட்டம். அவரைத் திட்ட அதுவே தாராளம். ஆனால் அந்தக் கதையை ஒழுங்காகச் சொன்னால், இதே விவகாரத்தில் அவரோடு முறித்துக்கொண்டு அவர் கட்சிக்காரரான செல்வநாயகம் அதே ஆண்டு தமிழரசுக் கட்சி தொடங்கியதையும் சொல்ல வேண்டி வரும். அவரும் வடக்கு ஆள்தானே!

1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனம் எடுத்தது பற்றி மூச்சே இல்லை. தோட்டத்து வாக்குக்கு அவ்வளவு பலம் இருந்தது கண்டு பயந்துதான் பறித்தார்கள் என்பது என் கணிப்பு. ராஜா கதையை விட இது நமக்குப் பெருமை இல்லையா?

கூட்டம் முடிந்து பிளேன்டி குடிக்கும்போது வேட்பாளரிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "சேர் சொல்றது சரி. ஆனா மேடையில இவ்வளவு நீட்ட முடியுமா? ஒரு வரியில சொல்லுங்க." வருஷம் 1949, சட்டம் வேறு என்றேன். உதவியாளர் போனில் குறித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் பக்கத்துத் தோட்டத்தில் பேசிய வீடியோ வந்தது. வருஷத்தைச் சரியாக 1949 என்றார். செல்வநாயகம் வரவில்லை. ராஜா மட்டும் தவறாமல் வந்திருந்தார்.